எரிந்த ஏடுகளும் எஞ்சிய ஊர்ப்பெயரும்

சங்கப் பாடல்களைத் தொகுத்துத் தந்த சான்றோர், பாடிய புலவரின் பெயரைக் குறிக்குங்கால் பல இடங்களில் ஊரையும் உடன் சேர்த்தே குறித்தனர். ஆலத்தூர் கிழார், கோவூர் கிழார், அரிசில் கிழார் என வரும் பெயர்களில் புலவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. ஊர் மட்டும் நின்றது. இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவர்களை நாம் இனங்காண்பது அவ்வூர்ப் பெயர்களால்தான். ஆள் மறைந்தாலும் ஊர் அடையாளம் சொல்லும் என்னும் இவ்வுண்மையை, ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் வாழும் ஐரிஷ் மக்கள் வேறொரு வழியில், பெரும் விலை கொடுத்து அறிந்தனர்.

அயர்லாந்துத் தீவு நம் தமிழ்நாட்டினும் சிறியது. இன்று அத்தீவு முழுவதிலும் வாழ்வோர் 70 இலட்சத்தை ஒட்டியவரே. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் தம்மை ஐரிஷ் வழிவந்தோர் எனக் கூறிக்கொள்வோர் 3 கோடிக்கு மேற்பட்டவர். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, அர்ஜென்டினா எனப் பரந்து கிடப்போர் இதற்குப் புறம்பு. இவர்களுள் பலர் தம் பாட்டன் பூட்டன் பிறந்த மண்ணைக் காண வேண்டுமென்று கடல் கடந்து வருகின்றனர். வந்தவுடன் அவர்கள் எதிர்கொள்ளும் முதல் வினா, “எந்த ஊர்?” என்பதே. அதற்கு விடை உடையோர் ஒரு நாளில் தம் வீட்டைக் காண்பர். விடை இல்லாதோர் வாழ்நாளெல்லாம் தேடுவதுமுண்டு.

பஞ்சமும் பயணமும்

1841ஆம் ஆண்டுக் கணக்கின்படி அயர்லாந்தின் மக்கள் தொகை 81 இலட்சத்து 75 ஆயிரம். பத்தே ஆண்டுகளில், 1851இல், அது 65 இலட்சத்து 52 ஆயிரமாகச் சுருங்கியது. இடையில் நிகழ்ந்தது உருளைக்கிழங்குப் பஞ்சம். நிலம் பெரும்பாலும் பெருநிலக்கிழார் கையில் இருந்தது. உழுதவர் சிறு துண்டு நிலத்துக்கு வாரமும் வாடகையும் செலுத்தி, உருளைக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தனர். 1845இல் ஒருவகைக் கருகல் நோய் அக்கிழங்கைத் தாக்கிற்று. 1846இல் விளைச்சல் ஏறக்குறைய முற்றிலும் அழிந்தது. அடுத்த ஆண்டை மக்கள் ‘கறுப்பு நாற்பத்தேழு’ என்றே அழைக்கலாயினர். பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த காய்ச்சலாலும் மாண்டோர் சுமார் 10 இலட்சம். நாட்டை விட்டு வெளியேறியோர் அதனினும் மிகுதி. கிழங்கு அழுகிய அதே நாட்டிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தன. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போருக்கு அரசின் உதவி இல்லை என 1847இல் சட்டம் வந்தது. உண்ண வேண்டுமாயின் நிலத்தைக் கைவிட வேண்டும். நிலத்தைக் கைவிட்டோருக்கு ஊரில் இடமில்லை.

கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் உள்ள கிரோஸ் தீவில், அந்த 1847ஆம் ஆண்டில் மட்டும் வந்திறங்கியோருள் 5,000க்கு மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர். பெற்றோரை இழந்த குழந்தைகளை அங்கிருந்த பிரெஞ்சு மொழிக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அவர்களுள் சிலர் தம் ஐரிஷ் குடும்பப்பெயரை விடாது காத்தனர். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநிலத்தில் இன்றும் ஐரிஷ் பெயர்கள் வழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அயர்லாந்தின் சிற்றூர்களில் ஒரு வழக்கம் இருந்தது. அமெரிக்காவுக்குப் புறப்படும் மகனுக்கோ மகளுக்கோ முதல் நாள் இரவு முழுதும் ஊரார் கூடி விழித்திருப்பர். பாட்டும் ஆட்டமும் இருக்கும். விடியற்காலையில் ஒப்பாரியும் இருக்கும். இறந்தவர் உடலருகே விழித்திருக்கும் சடங்கின் பெயரையே இதற்கும் இட்டு, ‘அமெரிக்க இழவிரவு’ என்றனர். உயிரோடு இருப்பவருக்கு இழவுச் சடங்கு ஏன் எனில், போனவர் திரும்பி வருவது அரிது என்பதை இரு சாராரும் அறிந்திருந்தனர்.

எங்கிருந்து தேடுவது?

முன்னோரைத் தேடுவோர் பலர் முதலில் நாடுவது கப்பற் பயணிகளின் பட்டியலை. 1820 முதல் அமெரிக்கத் துறைமுகங்களில் இத்தகைய பட்டியல்கள் பெறப்பட்டன. ஆயின் பஞ்ச காலத்துப் பட்டியலைப் புரட்டினால் பெயர், வயது, தொழில் ஆகியவற்றுக்குப் பின் ‘அயர்லாந்து’ என்ற ஒரு சொல்லே இருக்கும். பயணியின் ஊரைக் கேட்க வேண்டுமென்று எவருக்கும் அன்று தோன்றவில்லை.

ஆதலால் தேடல் பிறந்த இடத்தில் தொடங்குவதன்று, இறந்த இடத்தில் தொடங்குவது. குடியேறியவரின் மரணப் பதிவு, குடியுரிமை விண்ணப்பம், அவர் மணம் புரிந்த தேவாலயத்தின் ஏடு, கல்லறைக் கல் ஆகியவற்றை முதலில் காண வேண்டும். அக்காலத்து ஐரிஷ் கல்லறைகள் பலவற்றில் பிறந்த மாவட்டத்தோடு பங்கின் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அயலகத்தில் மடிந்தவருக்கு உறவினர் செய்த இறுதிக் கடமை, அவர் ஊரைக் கல்லில் வெட்டுவித்ததே எனலாம்.

அயர்லாந்தில் நிலப்பிரிவின் மிகச் சிறிய அலகை ‘டவுன்லாந்து’ என்பர். சொல்லில் ‘டவுன்’ இருப்பினும் இது நகரமன்று. நம் குக்கிராமத்துக்கு ஒப்பானது. தீவு முழுதும் இத்தகையவை 60,000க்கு மேல் உள்ளன. அவற்றின் பெயர்கள் ஐரிஷ் மொழியில் பொருள் பொதிந்தவை. ‘பாலி’ என்று தொடங்கினால் ஊர். ‘கில்’ என்றால் தேவாலயம். ‘நாக்’ என்றால் குன்று. ‘டன்’ என்றால் கோட்டை. நம் பட்டியும் குன்றமும் கோட்டையும் போன்றவையே இவை. ஆனால் ஐரிஷ் மொழி பேசிய உழவர் சொன்னதை ஆங்கில எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். ஒரே ஊர் பல வகை எழுத்துக்கூட்டலில் கிடைப்பது இதனால்தான். பெயரின் பொருளை அறிந்தவரே சிதைந்த வடிவத்துள் மறைந்திருக்கும் ஊரைக் கண்டுகொள்ள இயலும்.

தீயில் போன கணக்கு

ஊரை அறிந்தவருக்கும் அயர்லாந்தில் ஓர் இடி காத்திருக்கிறது. 1922ஆம் ஆண்டு ஏப்ரலில், உடன்படிக்கையை எதிர்த்த படையினர் டப்ளின் நகரின் நீதிமன்ற வளாகத்தைக் கைப்பற்றினர். ஜூன் 28ஆம் நாள் புதிய அரசின் படை அதன்மீது பீரங்கித் தாக்குதல் தொடங்கிற்று. ஜூன் 30ஆம் நாள் நிகழ்ந்த பெரும் வெடிப்பிலும் தீயிலும், அவ்வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் அழிந்தது. எழுநூறு ஆண்டு ஆவணங்களின் துண்டுகள் நகரெங்கும் காற்றில் பறந்து வீழ்ந்தன.

1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு மக்கள் தொகைக் கணக்குகளின் ஏடுகளும், சிற்சில பகுதிகள் நீங்கலாக, அதில் எரிந்தன. ஆனால் தீயை மட்டும் குறைகூற வழியில்லை. 1861, 1871 கணக்கேடுகளை அரசே ஆணையிட்டு அழித்திருந்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாக்கப்பட்டன. ஆகவே 1922க்கு முன் எடுத்த கணக்குகளுள் முழுமையாக எஞ்சியவை 1901, 1911 ஆகிய இரண்டே. பஞ்சத்தில் புறப்பட்டவர் இவ்விரண்டிலும் இருக்க இயலாது. நாட்டை விட்டுப் போனவர் எவர் என்று சொல்லவல்ல ஏடுகளே நாட்டில் இல்லாது போயின.

எஞ்சியது எவ்வாறு?

இங்கு வரலாறு ஒரு விந்தையைச் செய்தது. அயர்லாந்தின் பெரும்பான்மை மக்கள் கத்தோலிக்கர். ஆனால் நெடுங்காலம் அரசின் ஏற்புப் பெற்ற சபை புராட்டஸ்டண்டு சபையே. அச்சபையின் பதிவேடுகளை அரசு தன் ஆவணமாகக் கருதிக் காப்பகத்துக்குத் தருவித்துப் பேணியது. அவற்றுள் பாதிக்கு மேல் எரிந்து போயின. கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான ஏடுகளையும் திருமண ஏடுகளையும் அரசு ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. அவை சிற்றூர்க் கோவில்களிலேயே கிடந்தன, ஆதலால் பிழைத்தன. குழந்தையின் பெயர், தந்தை பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர், ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவை அவற்றில் உண்டு. சிலவற்றில் குக்கிராமத்தின் பெயரும் உண்டு. அயர்லாந்தின் தேசிய நூலகம் இவற்றை நுண்படமெடுத்துக் காத்து, 2015ஆம் ஆண்டில் இணையத்தில் அனைவரும் கட்டணமின்றிக் காணுமாறு வைத்தது.

இரண்டாவது, நிலவரிக்காக எழுந்த ஏடு. ரிச்சர்டு கிரிஃபித் என்பவரின் தலைமையில் 1847 முதல் 1864 வரை நாடு முழுதும் நிலமும் வீடும் மதிப்பிடப்பட்டன. ஒவ்வொரு குக்கிராமத்திலும் நிலத்தை அனுபவிப்போர் யார், யாரிடம் குத்தகை, எத்தனை ஏக்கர், மதிப்பு என்ன என்பன அச்சிடப்பட்டன. மனைவி மக்கள் பெயர் அதில் இராது. குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. ஆயினும் தம் முன்னோர் வாழ்ந்த நிலத்தின் எல்லையை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட இவ்வேடு துணை செய்கிறது. பஞ்சத்தில் வெளியேற்றப்பட்டோர் பெயர் அதில் இல்லாமற் போவதும் உண்டு. அவ்விடங்களில் பெயர் இல்லாமையையே சான்றாகக் கொள்ள வேண்டிய நிலை நேருகிறது.

மூன்றாவது நம் உள்ளத்தைத் தொடுவது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1909 ஜனவரி முதல் 70 வயது நிரம்பிய ஏழையருக்கு வாரந்தோறும் உதவித்தொகை வழங்கப்பட்டது. ஆனால் அயர்லாந்தில் எல்லாருடைய பிறப்பையும் அரசு பதியத் தொடங்கியது 1864இல்தான். கிழவர் தம் வயதை எவ்வாறு மெய்ப்பிப்பது? நம் ஊர்ப் பெரியவர்கள் தாது வருடப் பஞ்சத்தைக் கொண்டு வயது கணக்கிட்டதைப்போல, அவர்கள் 1839 ஜனவரி 6ஆம் நாள் இரவு வீசிய பெருங்காற்றைக் கொண்டு கணக்கிட்டனர். “பெருங்காற்று இரவை நான் அறிவேன்” என்றவர் எழுபதைக் கடந்தவராகக் கொள்ளப்பட்டார். அது போதாதபோது, தம் பெற்றோர் பெயரையும் குக்கிராமத்தையும் எழுதிக் கொடுத்தனர். டப்ளின் காப்பகத்தின் எழுத்தர்கள் 1841, 1851 கணக்கேடுகளில் அக்குடும்பத்தைத் தேடி, கண்டதைப் படிவத்தில் குறித்தனர். மூல ஏடுகள் 1922இல் எரிந்தன. வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வரை கிடைக்கும் என நம்பி ஏழைக் கிழவனும் கிழவியும் கேட்டுப் பெற்ற அப்படிவங்கள் நின்றன. அரசு தன் பெருமைக்காகக் காத்தது போயிற்று. எளியவர் தம் கஞ்சிக்காகக் கேட்டது நிலைத்தது.

தீ நிகழ்ந்து நூறாண்டு நிறைந்த 2022இல், பிற நாட்டுக் காப்பகங்களில் கிடந்த படிகளையும் குறிப்புகளையும் திரட்டி, அழிந்த காப்பகத்தை இணையத்தில் மீட்டமைக்கும் ஓர் அரும்பணி பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

போனவர்கள் சொல்லி வைத்தவை

ஊர்ப்பெயரை மிக உறுதியாகக் காத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்களே.

பாஸ்டன் நகரில் ஐரிஷ் கத்தோலிக்கருக்காக வெளிவந்த ‘பைலட்’ என்னும் இதழ், 1831 முதல் 1921 வரை ‘காணாமற்போன நண்பர்கள்’ என்ற தலைப்பில் விளம்பரங்களை வெளியிட்டது. தம்பியைத் தேடும் அக்காள், கணவனைத் தேடும் மனைவி, மகனைத் தேடும் தாய் ஆகியோர் காசு கொடுத்து இட்ட அறிவிப்புகள் அவை. தேடப்படுபவர் பிறந்த மாவட்டம், பங்கு, பல வேளைகளில் குக்கிராமம், புறப்பட்ட ஆண்டு, இறங்கிய துறை, கடைசியாக இருப்புப்பாதை வேலையிலோ கால்வாய் வெட்டும் வேலையிலோ கண்ட இடம் என அனைத்தும் அவற்றில் வரும். 40,000க்கு மேற்பட்ட இவ்வறிவிப்புகள் பின்னாளில் தொகுக்கப்பெற்று நூல்களாகவும் வெளிவந்தன. உடன்பிறந்தாரைத் தேடி அன்று இட்ட வரிகள், அவர்கள் அறியாத பேரன் பேத்தியருக்கு ஊரைக் காட்டும் விளக்காயின.

நியூயார்க்கில் 1850இல் ஐரிஷ் மக்களின் நலனுக்காகக் குடியேறியோர் சேமிப்பு வங்கி தொடங்கியது. பணம் போட்டவருள் பலர் கையெழுத்திட அறியாதவர். வேறொருவர் வந்து பணத்தை எடுத்துவிடக் கூடாதே என்பதற்காக, கணக்குத் தொடங்கும்போதே வங்கி எழுத்தர் சில வினாக்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறந்த ஊர் எது, எந்தக் கப்பலில் வந்தீர், பெற்றோர் யார், உயிரோடுள்ளனரா, உடன்பிறந்தோர் எங்கே என்பன அவ்வினாக்கள். வீட்டு வேலை செய்த பெண்ணும் மூட்டை சுமந்த இளைஞனும் தந்த விடைகள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளன. நூறு குடும்ப வரலாறுகள் சொல்லாததை அவ்வங்கி ஏட்டின் ஒரு பக்கம் சொல்லும்.

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட கைதிகளின் நிலையும் இத்தகையதே. 1791இல் அயர்லாந்திலிருந்து நேரே சென்ற முதல் கைதிக் கப்பல் தொடங்கி ஏறத்தாழ 40,000 பேர் அவ்வாறு நாடுகடத்தப்பட்டனர். தானே கட்டணம் கொடுத்துச் சென்ற நேர்மையாளரைப் பற்றி ஒரு வரியும் இல்லாதபோது, பசிக்கு ஆடு திருடியவரின் வயது, வழக்கு, தண்டனை யாவும் ஏட்டில் நின்றன. எஞ்சிய இப்பதிவுகளின் குறியடைவை 1988ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் இருநூறாம் ஆண்டு விழாவின்போது அயர்லாந்து அந்நாட்டுக்குப் பரிசாக அளித்தது. ஒரு காலத்தில் மறைக்கப்பட்ட இழிவு, பின்னாளில் வேரைக் காட்டும் பெருமையாயிற்று.

பெயர் மட்டும் போதுமோ?

பெயர் தெரிந்தால் போதும் என எண்ணுவோருக்கு ஆனி மூர் என்னும் பெண்ணின் கதை ஒரு பாடம். 1892 ஜனவரி 1ஆம் நாள் நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. முதலில் பதிவானவர், கார்க் மாவட்டத்திலிருந்து தம்பியர் இருவருடன் ‘நெவாடா’ என்ற கப்பலில் வந்த ஆனி மூர். அவருக்குப் பத்து டாலர் பொற்காசு ஒன்று பரிசளிக்கப்பட்டது. வயது 15 எனப் பத்திரிகைகள் எழுதின, உண்மையில் 17. பின்னாளில், டெக்சாஸ் மாநிலத்தில் விபத்தில் இறந்த ஆனி மூர் என்பவரே அவர் எனப் பலரும் நம்பினர். அக்குடும்பத்தினர் விழாக்களில் சிறப்பிக்கவும் பெற்றனர். 2006இல் மேகன் ஸ்மோலென்யாக் என்னும் ஆய்வாளர், டெக்சாஸ் பெண் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்திலேயே பிறந்தவர் என்பதை ஆவணங்களால் காட்டினார். கப்பலில் வந்த ஆனி மூர் நியூயார்க்கை விட்டு அகலவேயில்லை. ஏழைத் தெருக்களில் வாழ்ந்து, குழந்தைகள் பலரைப் பெற்று, அவர்களுள் சிலரை இளமையிலேயே பறிகொடுத்து, 1924இல் மறைந்தார். குயின்ஸ் பகுதிக் கல்லறையில் அடையாளக் கல்லின்றிக் கிடந்த அவருக்கு 2008இல்தான் கல் நாட்டப்பட்டது. சிலை எடுத்துப் போற்றப்பட்ட பெண்ணின் கல்லறையே அதுவரை பெயரின்றி இருந்தது. பெயர் ஒன்றாக இருப்போர் பலர். ஊரும் உறவும் சேர்ந்தால்தான் அது ஓர் ஆளைக் குறிக்கும்.

ஐரிஷ் மரபில் பெயரே ஒரு வழிகாட்டியாதலும் உண்டு. குடும்பப்பெயரின் முன் வரும் ‘மாக்’ என்பது மகன் எனப் பொருள்படும். ‘ஓ’ என்பது பெயரன் எனப் பொருள்படும். மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும் இடுவது அவர்களிடையே பரவலான வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் ‘பெயரன்’ என்றே வழங்கும் தமிழருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அயலகத்தில் பிறந்த குழந்தைகளின் பெயரை வரிசையாக அடுக்கிப் பார்த்து, அயர்லாந்தில் விட்டுவந்த பாட்டனின் பெயரை ஆய்வாளர் ஊகித்தறிவர். பின் அதனைப் பங்கு ஏட்டோடு ஒப்பிட்டு உறுதி செய்வர்.

நமக்கு எஞ்சுவது

இவ்வாறு ஐரிஷ் மக்களின் தேடலைக் காணுமிடத்து ஒன்று தெளிவாகிறது. ஏழையின் பெயரை உலகம் தானாக எழுதி வைப்பதில்லை. வரி கேட்டவன், தண்டித்தவன், ஐயுற்றவன், உதவிக்குச் சான்று கேட்டவன் ஆகியோரே எழுதினர். அவர்கள் எழுதாதவிடத்து, தன் ஊரைத் தானே சொல்லி வைத்தவன் மட்டுமே தன் சந்ததிக்குக் கிடைத்தான்.

தமிழரிலும் கடல் கடந்தோர்க்கு ஏடு உண்டு. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி, நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் பட்டியல்களில் தந்தை பெயரும் மாவட்டமும் கிராமமும் எழுதப்பட்டன. ஆங்கில எழுத்தரின் கையில் ஊர்ப்பெயர் சிதைந்திருப்பினும், தென்னாப்பிரிக்கத் தமிழர் அதனைப் பற்றிக்கொண்டு தம் ஊரைத் தேடி வருகின்றனர்.

ஆனால் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியிலோ ஹௌரா மெயிலிலோ ஏறி, ஒரு பெட்டியும் படுக்கைச் சுருளுமாக வடபுலம் வந்த நம் முன்னோருக்கு எந்தப் பட்டியலும் இல்லை. இரயில் பயணச்சீட்டைக் கொடுத்தவர் ஊரையும் பாட்டன் பெயரையும் கேட்டு எழுதி வைக்கவில்லை. இங்குப் பிறந்த மூன்றாம் தலைமுறைக் குழந்தையிடம் சொந்த ஊர் எது என வினவினால், ‘மதராஸ்’ என்றோ ‘தஞ்சாவூர்ப் பக்கம்’ என்றோ விடை வருகிறது. கப்பற் பட்டியலில் ‘அயர்லாந்து’ என்ற ஒற்றைச் சொல் நின்றதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

ஆகவே இம்மலரைக் கையிலேந்தும் குடும்பங்கள் ஒரு தாளில் இவற்றை எழுதி வைக்கலாம்: கிராமம், வட்டம், அருகிலுள்ள ஆறு அல்லது ஏரி, குலதெய்வம் அமர்ந்த இடம் அல்லது ஞானஸ்நானம் பெற்ற கோவில் அல்லது தொழுத பள்ளிவாசல், தாத்தா பாட்டியின் பெயர், பாட்டியின் பிறந்த ஊர், முதன்முதல் புறப்பட்டு வந்தவர் யார், எந்த ஆண்டு, எதன் பொருட்டு. அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டறிதல் வேண்டும். அயர்லாந்தின் ஏடுகளைத் தீ எரித்தது. நம் ஏடுகளோ இன்னும் எழுதப்படாமல், பெரியோர் நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றை எழுதிக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.